வாசலில் நிற்பவரைத் தெரியுமா?

அந்தப் பழைய வீட்டுக்கு நாங்கள் குடிவந்த மறுநாளே கூரியரில் பூட்டு வந்து சேர்ந்தது. சந்தைக்கு வரும் புதுச் சாமான்களை வாங்கிப் பார்த்து நல்லது கெட்டது எழுதுவதுதான் என் பிழைப்பு. இது கேமரா வைத்த பூட்டு. முகம் பார்த்துக் கதவு திறக்கும். மனைவி வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தாள். மகளுக்குக் காய்ச்சல். இதில் மாலைக்குள் கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் வேறு உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

பூட்டை மாட்டி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. போனில் அதற்கான ஆப்பை இறக்கு, கடவுச்சொல் போடு, அது போதாது, வேறு போடு. ஒருவழியாக முடிந்தது என்று மூச்சு விட்டால், போன் சிணுங்கியது.

'வாசலில் நிற்பவரைத் தெரியுமா?'

கூடவே ஒரு படம். எங்கள் வாசல்படி. ஆள் யாரும் இல்லை. மழையே பெய்யாத நாளில் சிமெண்ட் தரை மட்டும் ஈரமாக இருந்தது.

'தெரியாது' என்று தட்டினேன். மறுபடி கேட்டது. எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். ஊறிப்போன மரத்தின் வாடைதான் வந்தது. திரும்பி உட்கார்ந்து இரண்டு வரி எழுதுவதற்குள் மறுபடியும் அதே கேள்வி. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குறுக்கே எந்தக் கேள்வி வந்தாலும் படிக்காமல் 'ஆம்' என்று தட்டித் தொலைத்துவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுவோம். எரிச்சலில் நானும் அதையே செய்தேன்.

'ஆம், வீட்டு ஆள்.'

சனியன் ஓய்ந்தது.

காய்ச்சல் மருந்து தீர்ந்துபோயிருந்தது. மகள் அசந்து தூங்கினாள். கதவைச் சாத்திவிட்டுத் தெருமுனைக் கடைக்கு ஓடினேன். அங்கே நிற்கும்போது போன் அதிர்ந்தது.

'வீட்டு ஆள் உள்ளே வந்துவிட்டார்.'

மருந்தைக்கூட வாங்காமல் திரும்பி ஓடினேன். பூட்டின் முன் முகத்தைக் காட்டினேன். சிவப்பு விளக்கு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காட்டினேன். மறுபடியும் சிவப்பு. பூட்டுக் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தேன்.

"உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்காங்க சார். அவங்களையே திறக்கச் சொல்லுங்க."

"உள்ள காய்ச்சலோட ஒரு குழந்தைதாங்க இருக்கு! எழுந்து வரக்கூடத் தெம்பில்ல!"

"கூட பெரியவங்க ஒருத்தர் இருக்கிறதா காட்டுதே சார்."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். "உங்க கருத்துக்கு நன்றி சார்" என்று வைத்துவிட்டான். போனைத் தரையில் அடிக்கலாம் போலிருந்தது.

அப்போது பூட்டின் ஸ்பீக்கர் கரகரத்தது.

"அப்பா..."

மகள்தான். கிசுகிசுத்தாள்.

"செல்லம், கதவத் திறம்மா!"

"சத்தம் போடாதீங்கப்பா. நான் தூங்கணுமாம். உங்கள உள்ள விட வேணாமாம்."

"யாரும்மா சொல்றது?"

ஸ்பீக்கரில் மறுபடி கரகரப்பு.

ஈரக் கால்களை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம்.

பயத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்பக்கம் ஓடி, கல்லால் சமையலறை ஜன்னலை உடைத்து, கை கிழிபட ஏறிக் குதித்தேன்.

மகள் கட்டிலில் படுத்திருந்தாள். நெற்றியில் ஈரத்துணி. பதமாகப் பிழிந்து, ஒழுங்காக மடித்துப் போட்டிருந்தது. உடம்பைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இறங்கியிருந்தது. நிம்மதிப்படத்தான் வேண்டும். ஆனால் அந்தத் துணியைப் போட்டது நான் இல்லை.

வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினேன். யாரும் இல்லை. பூட்டைப் பெயர்த்து பேட்டரியைப் பிடுங்கி எறிந்தேன். கட்டுரையும் வேண்டாம், காசும் வேண்டாம்.

"எழுந்திரும்மா, போகலாம். இந்த வீடு நமக்கு வேணாம்."

மறுபேச்சு இல்லாமல் எழுந்தாள். அவள் கையைப் பிடித்தேன். மெல்ல விரல்களை உருவிக்கொண்டாள்.

"நீங்க முன்னால போங்கப்பா," என்றாள். "நாங்க வர்றோம்."

எனக்கு மறுபக்கம் திரும்பிக் கையை உயர்த்தி நீட்டினாள். அவள் தோளுக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், சின்ன விரல்கள் எதையோ இறுகப் பற்றிக்கொண்டு மடங்கின.