காவடிப் பூவும் குட்டை மீனும்

ஆடிக் கிருத்திகை விடியல். மூன்று நாளாய் மூட்டம், தூறல்... திருத்தணி மலைக்குப் போகிற சாலையெங்கும் அரோகரா முழக்கம். சாலையோரத் தோப்பிலிருந்த தன் மீன் குட்டைக்கு வந்த தாயம்மாள் திகைத்து நின்றுவிட்டாள்.

இடுப்பளவுத் தண்ணீரில் எவனோ ஒருவன்! தென்னை மட்டையால் தண்ணீரை அடி அடியென்று அடித்துக்கொண்டிருந்தான்.

"யோவ்! யாருய்யா நீ? மீன் திருடறதுக்கு வேற நாளே கெடைக்கலியா?"

அவன் திரும்பினான். மஞ்சள் வேட்டி, நனைந்த விபூதி, சிரிப்பு அடங்காத கண்கள்...

"திருடறவன் இவ்ளோ சத்தம் போடுவானாங்க? அந்த வாயைப் பாருங்க... உங்க வாயை இல்ல, மீன் வாயை!"

பார்த்தாள். நீர்ப்பரப்பு முழுக்கக் குட்டிக் குட்டி வாய்கள் திறந்து திறந்து மூடின. நேற்றும் இப்படித்தான் இருந்தது. பூவாசத்துக்கு மேலே வருகின்றன என்று பூரித்துப் போயிருந்தாள், பைத்தியக்காரி!

"மூச்சு முட்டுதுங்க அதுங்களுக்கு. தண்ணியை அடிச்சாத்தான் காத்து சேரும். குட்டையில யாரு இவ்ளோ பூவைக் கொட்டினது? அழுகுற பூ தண்ணியில இருக்கிற காத்தையெல்லாம் குடிச்சிடும். காத்து ஊறறதுக்கு வெயிலும் இல்ல..."

கொட்டியது அவள்தான். மலையிறங்கி வருகிறவர்கள் தோப்பில் விட்டுப் போகும் காவடிப் பூ யார் காலிலும் மிதிபடக் கூடாதென்று, கூடை கூடையாய்த் தண்ணீரில் சேர்த்தாள். உலகச் சண்டைக் காலப் பஞ்சம். குட்டையைத் தூர்த்துக் கேழ்வரகு போடலாம் என்ற அப்பா ஆதிகேசவனிடம் ஒரு வருஷம் கெஞ்சி வாங்கிய குட்டை இது. மீன் செத்து மிதந்தால் நாளைக்கே மண் விழும்.

அப்போதுதான் மாமரக் கிளையைக் கவனித்தாள். தரையில் வைக்கக் கூடாத காவடி அங்கே தொங்கியது. மலைக்குப் போகிறவன், பாதி வழியில் மீனுக்காக இறங்கிவிட்டான்! அவள் காவடியைக் காட்டினாள்.

"உங்க பூ வாடிடுமேங்க..."

"வாடட்டுங்க. மீன் காத்துகினு இருக்காதே! நான் மணவூர் ராஜகோபால். மீன் குஞ்சைப் பானையில விட்டு ரயில்ல ஊர் ஊரா எடுத்துகினு போறதுதான் என் வேலை. வழியெல்லாம் கையால தண்ணியை அலைச்சிகினே இருக்கணும். கை நின்னா குஞ்சு செத்துப்போயிடும். தூக்கத்துலகூட என் கை அலையும்னா பாருங்களேன்!"

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. கிணற்றடிக்கு ஓடினாள், மாடுகளைப் பூட்டி நீர் இறைக்கும் கபிலையை ஓட்டினாள். சால் சாலாய் ஏறிய தண்ணீர் வாய்க்காலில் ஓடிக் கரையிலிருந்து குட்டைக்குள் விழும் இடத்தில் ஒரு மூங்கில் தட்டியைச் சாய்த்தாள். தண்ணீர் சிதறி மழையாய் விழுந்தது. அந்தச் சாரலுக்கடியில் மீன்கள் கும்பலாய் வந்து சேர்ந்தன.

அடடா... இது நமக்குத் தோன்றவில்லையே! ராஜகோபால் மட்டையை மறந்து அவளையே பார்த்தான்.

"வேடிக்கை என்னா வேண்டிக்கெடக்குது? அடிங்க!"

"ஆங்... அடிக்கிறேங்க!"

கூடையால் பூவை வாரி அவன் கரையேற்றியபோது ஆதிகேசவன் வந்துவிட்டார்.

"சாமி பூவைக் குப்பை மாதிரி வாரிக் கொட்டறியே, நீயெல்லாம் காவடி எடுத்தவனாடா? எறங்குடா கரையை வுட்டு!"

அவன் முகம் சுண்டிப்போயிற்று. கூடையை வைத்துவிட்டுக் காவடிப் பக்கம் நடந்தான். தாயம்மாள் குறுக்கே வந்தாள்.

"அவரைத் திட்டாத நைனா. பூவைப் போட்டது நானு. மீன் சாவக் கெடந்துச்சு, அவருதான் காப்பாத்தினாரு. இந்தப் பூ குப்பைக்குப் போவாது. நம்ம சாமந்தித் தோட்டத்து வேருக்குப் போவட்டும். வர்ற ஆடிக்கு மறுபடியும் சாமிக்கே பூவா வரும்."

ஆதிகேசவன் குட்டையைப் பார்த்தார். அடங்கிவிட்ட வாய்களைப் பார்த்தார். பிறகு ராஜகோபால் பக்கம் திரும்பினார்.

"தம்பி... மலையெறங்கி வந்து நம்ம வூட்லதான் சாப்புடணும்."

உச்சிவேளையில் அவன் காவடி வாடித் தொங்கியது. தாயம்மாள் தோட்டத்துப் பூவைப் பறித்து வந்து நீட்டினாள். அவன் கட்டினான். காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பினான்.

மாலைத் தூறலில் அவன் திரும்பி வந்தபோது அவள் குட்டைக் கரையில் நின்றாள்.

"சாமிகிட்ட என்னா வேண்டிக்கினீங்க?"

"ஏறும்போது ஒண்ணுமே இல்லீங்க. சன்னிதியில கண்ணை மூடினா... கபிலை ஓட்டற பொண்ணுதான் நிக்குது. அந்தப் பொண்ணையே குடுப்பா சாமின்னு கேட்டுட்டேன். தப்பாங்க?"

அவள் தலை குனிந்தாள். அவன் வலக்கை தானாய்க் காற்றை அலைத்துக்கொண்டிருந்தது. பாவம், இத்தனை பேசியவனுக்கு இவ்வளவு பயமா! சட்டென்று அந்தக் கையைப் பிடித்தாள்.

"இப்போ நின்னுச்சா?"

"ஆங்... நின்னுடுச்சு."

"அப்போ வாங்க. எலை போட்டுக்கினு நைனா காத்திருக்காரு. சாப்புட்டுட்டு... சாமிகிட்ட கேட்டதை அவருகிட்டயும் கேளுங்க."