சிவப்புக் காலுறையில் சாவி

“எம் புருஷன் அவங்களக் கொல்லல ஐயா. ஆனா கொன்னுட்டோம்னு அவரே நம்ப ஆரம்பிச்சுட்டாரு. அதத்தான் என்னால தாங்க முடியல.”

மிக்டாலியா மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். தையற்கூடத்திலிருந்து நேரே வந்தவள். கோட்டு முழுக்க நூல்துண்டு. துப்பறிவாளர் செல்னிக் நகர்த்தி வைத்த காப்பி ஆறிப்போய்க் கிடந்தது.

அவள் கணவன் வில்ஃப்ரெடோ, நியூயார்க்கில் கிரீன் தெருவின் பழைய கிடங்குக் கட்டடம் ஒன்றில் சரக்கு லிஃப்ட் ஓட்டுபவன். அந்தத் தெருவில் துணிமூட்டை ஏறி இறங்கிய மாடிகளில் இப்போது ஓவியர்களும், அவர்கள் பின்னாலேயே பணக்காரர்களும் குடியேறிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டடத்தின் நாலாம் மாடி முழுவதும் ஹெட்டி ஸ்ட்ராண்ட் என்ற ஓவியரின் வீடு. லிஃப்ட் நேரே அவர் கூடத்துக்குள் போய் நிற்கும். கூடத்துக்கும் லிஃப்ட் குழிக்கும் நடுவே இடுப்பளவு மரத்தடுப்பு ஒன்றுதான். அதைப் பிடித்திருப்பது ஒரு கொக்கி.

திங்கள் காலை வேலைக்கு வந்த வில்ஃப்ரெடோ, குழியின் அடியில் ஹெட்டியைப் பிணமாகப் பார்த்தான். லிஃப்ட் கூண்டு ஆறாம் மாடியில் நின்றது. நாலாம் மாடித் தடுப்பில் கொக்கி கழன்று தொங்கியது.

“வெள்ளிக்கிழம கூண்ட ஆறுல விட்டுட்டு வந்தாரு. நாலுல கொக்கி மாட்டுனியான்னு போலீஸ் கேட்டுச்சு. மாட்டுனேன்னாரு. விடாம அதையே கேட்டிருக்காங்க. கடைசில, மறந்திருப்பேன்னு சொல்லிட்டாரு. இப்ப ஜெயில்ல கைய வெறிச்சுப் பாத்துட்டே உக்காந்திருக்காரு ஐயா.”

“அந்தம்மாவக் கடைசியாப் பாத்தது யாரு?” என்று முந்திக்கொண்டாள் கோனி. செல்னிக்கின் கூட்டாளி. வாடகைக்கார் ஓட்டிக்கொண்டிருந்தவள், வாயும் அதே வேகம்.

“கட்டட ஓனர் தேயரு. ஞாயித்துக்கிழம மேல போனாராம். நல்லா சிரிச்சுப் பேசுனாங்களாம்.”

நாலாம் மாடியை போலீஸ் அதிகாரி கியோ திறந்து காட்டினார். பந்தல்கால் மாதிரி இரும்புத் தூண்கள் வரிசையாக நின்றன. தெருப்பக்கம் முழுதும் ஆளுயர ஜன்னல்கள். கிடங்குக் கட்டடம் என்பதால் சனி ஞாயிறுகளில் அறைகளைச் சூடேற்றும் நீராவி வராது. குளிர்காலம் தொடங்கியதும் ஜன்னல்களை உள்ளிருந்து பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரமெல்லாம் டேப் ஒட்டிவிடுவார்கள். ஹெட்டியும் ஒட்டியிருந்தார். அவர் அடித்த நீலச்சாயம் தாளிலும் டேப்பிலும் சுவரிலும் ஒரே வீச்சாகத் தெறித்துக் காய்ந்திருந்தது. நடு ஜன்னலருகே ஓர் ஆணியில் சிவப்புக் கம்பளிக் காலுறை. உள்ளே சாவி.

“இங்க அழைப்பு மணி கிடையாது,” என்றார் கியோ. “வர்றவன் கீழ நின்னு கத்தணும். அந்தம்மா சாவியக் காலுறைல போட்டு எறியும். தேயரும் அப்படித்தான் வந்தாரு. ஞாயித்துக்கிழம அவரு சாவி போட்டுத் திறந்தத எதிர் ரொட்டிக்கடைக்காரி பாத்திருக்கா.”

“சொந்தக் கட்டடத்துக்கு அவருகிட்ட சாவி இல்லையா?”

“அந்தம்மா வாசல் பூட்டையே மாத்திடுச்சு. அதுகிட்ட ஒண்ணு, லிஃப்ட்காரன்கிட்ட ஒண்ணு. மத்த மாடியெல்லாம் பணக்காரங்களுக்கு விடத் தேயர் காலி பண்ணிட்டாரு. இது மட்டும் நகரல.”

அப்போது கீழேயிருந்து ஒரு குரல்.

“ஹெட்டீ! சாவியப் போடு! கை மரத்துப் போச்சு, தாயே!”

கோனி தெருப்பக்க ஜன்னலுக்கு ஓடினாள். மங்கிய தாள் வழியே பார்த்தாள்; கீழே ஒருவரும் இல்லை. செல்னிக் அவசரப்படாமல் வீட்டின் பின்கோடிக்கு நடந்தார். அடுப்புக்கு மேலே சின்ன ஜன்னல்; அதில் மட்டும் பிளாஸ்டிக் இல்லை. பக்கத்தில் ஒரு வெற்று ஆணி. பின்சந்தில் தாடிக்காரர் ஒருவர் ஆரஞ்சுப் பையோடு அண்ணாந்து நின்றார்.

“யாருய்யா நீ? ஹெட்டி எங்க?”

செய்தியை மாடியிலிருந்து கத்திச் சொல்ல செல்னிக்குக்கு மனம் வரவில்லை. இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு, அவரோடு கொஞ்சம் பேசினார். திரும்பி வந்தபோது ஆரஞ்சுப் பை அவர் கையில் இருந்தது.

“என்ன பாஸ்?”

“ஹெட்டிக்குக் கொண்டாந்தது. அந்தாளு திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாரு. கோனி, தேயர வரச் சொல்லு. மிக்டாலியாவும் வரட்டும்.”

மறுநாள் எல்லாரும் அதே கூடத்தில் நின்றார்கள். தேயர் கம்பளிக் கோட்டின் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். மிக்டாலியா தூணில் சாய்ந்து நின்றாள்.

“ஞாயித்துக்கிழம எங்க நின்னு கூப்பிட்டீங்க?” செல்னிக்கின் குரல் சாதாரணமாக இருந்தது.

“தெருவுலதான். வாசல்ல.”

“சாவி எந்த ஜன்னல்லருந்து விழுந்துச்சு?”

“இந்த நடு ஜன்னல். எப்பவும் போல.”

“திருப்பிக் குடுத்தீங்களே, எங்க வச்சாங்க?”

“அந்த ஆணிலதான் மாட்டுனாங்க. நான் பாத்தேன்.”

“கோடையில அப்படித்தான், தேயர். நீங்க வந்து பாத்ததும் கோடையில. குளிர் வந்து தாள் ஒட்டிட்டா இந்த ஜன்னல் வசந்தம் வரைக்கும் திறக்காது. அப்புறம் சாவி பின்சந்துப் பக்கம்தான் விழும். காலுறையும் அடுப்பு ஜன்னல் ஆணிக்குப் போயிடும். அவங்க சிநேகிதருங்க எல்லாருக்கும் தெரியும். இங்க குளிர்ல படுத்தவங்களுக்குத் தெரியும். வாடகை வாங்குறவருக்குத் தெரியல.”

“பிச்சிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கலாமே!”

“ஒட்டியிருந்தா இந்த நீலம் எங்கயாவது அறுந்திருக்கும். தாள், டேப், சுவர், மூணுலயும் ஒரே கோடாக் காஞ்சிருக்கு. கியோ, தொட்டுப் பாருங்க.”

கியோ விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தேயருக்கும் படிக்கட்டுக்கும் நடுவே போய் நின்றுகொண்டார்.

“ஞாயித்துக்கிழம யாரும் சாவி எறியல,” என்றார் செல்னிக். “ஏற்கெனவே அது உங்ககிட்ட இருந்துச்சு. நீங்களே மாட்டிட்டுப் போனீங்க, தப்பான ஆணில. உயிரோட இருக்கிறவங்க வீட்டுக்குச் சாவிய இப்படிக் களவா திருப்பிக் குடுப்பாங்களா?”

தேயர் ஹெட்டியின் சாயக்கறை படிந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

“சனிக்கிழம வாசல்ல பாத்தேன். அவ கை நிறைய சாமான். காலுறைய என்கிட்ட நீட்டி, கதவத் திறன்னா. மேல வந்து, காலி பண்ணுன்னு கெஞ்சுனேன். அந்தத் தடுப்புல சாஞ்சுக்கிட்டே சிரிச்சா. என்னைப் பொணமாத்தான் எறக்கணும்னா.” மூச்சு வாங்கினார். “கொக்கிய எடுத்துட்டேன். வீட்டுக்குப் போனப்புறம் பாக்கறேன், கோட்டுப் பையில காலுறை.”

“கொக்கி மாட்டியிருந்துச்சா?” மிக்டாலியா முன்னால் வந்தாள். “அத மட்டும் சொல்லு. எம் புருஷன் மாட்டியிருந்தாரா?”

“இறுக்கமா மாட்டியிருந்துச்சு. ரெண்டு தடவ இழுத்தேன்.”

கோனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செல்னிக் அவள் முழங்கையைத் தொட்டுத் தடுத்தார்.

மாலையில் சிறைச்சாலையின் பார்வையாளர் அறைக்கு மிக்டாலியா தனியாகத்தான் போனாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வில்ஃப்ரெடோ உட்கார்ந்திருந்தான். முகம் சவரம் காணவில்லை. விடுதலைத்தாள் காலையில் வந்துவிடும் என்றாள். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“நீ மாட்டிட்டுத்தான் வந்திருக்க,” என்றாள். “தேயர்தான் கழட்டுனான். ரெண்டு தடவ இழுத்தானாம்.”

“எனக்காகச் சொல்றியா?”

“அவன் வாயால சொன்னான். என் காதால கேட்டேன்.”

அவன் வலது கையைப் பிரித்துப் பார்த்தான்.

“இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னாள். அவன் தலையாட்டினான். பிறகு அந்தத் தலையாட்டலையே நம்பாதவன் போல் நிமிர்ந்து, “மாட்டுன மாதிரி எனக்கு ஞாபகமே வரலியே, மிக்டா,” என்றான்.

நேரமாகிவிட்டதென்று காவலர் குரல் கொடுத்தார். அவள் எழுந்திருக்கவில்லை. வலையில் வாயை வைத்து, முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தாள்.