பக்கத்து விரல்

செத்துப்போனவரின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது!

தலைமாட்டில் இருந்த மானிட்டரில் பச்சைக் கோடு ஒழுங்காக ஏறி இறங்கியது. நாடித்துடிப்பு எழுபத்திரண்டு. ஆனால் நர்ஸ் தொட்ட கன்னம்... ஜில்லென்றிருந்தது.

"அப்பாஆஆ...!"

மகளின் அலறலில் அவசர சிகிச்சைப் பிரிவே திரும்பிப் பார்த்தது. திரும்புவதற்கு இடம் இருந்தவர்கள் மட்டும்! ஸ்ட்ரெச்சர்கள் ஒன்றோடொன்று உரசி நின்றன. இடுக்கில் மிஞ்சிய தரையிலும் நோயாளிகள்.

நர்ஸ் மானிட்டரின் வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். நாடி பார்க்க விரலில் மாட்டும் கிளிப்... பக்கத்து ஸ்ட்ரெச்சரில், கால் முறிந்து, ஊசி மயக்கத்தில் கிடந்த லாரி டிரைவரின் விரலில்!

இன்ஸ்பெக்டர் வந்தபோது மருத்துவமனை சூப்பரின்டெண்டென்ட் வாசலுக்கே ஓடி வந்தார்.

"நர்ஸோட அலட்சியம் இன்ஸ்பெக்டர். அரெஸ்ட் பண்ணுங்க. வேலையை விட்டு நான் தூக்கிடறேன்."

"இங்க எல்லாமே இவ்வளவு வேகமா நடக்குமா டாக்டர்?"

மகள் விசும்பினாள். "காலையில பார்வையிட ஒரு குழு வந்துச்சு சார். கூட இருந்த எங்களை எல்லாம் வெளிய விரட்டிட்டாங்க. திரும்பி வந்தா நம்பர் நல்லா இருந்துச்சு. மூச்சுத்திணறல் விட்டு அப்பா நிம்மதியா தூங்கறார்னு... போர்வையை இழுத்துவிட்டு, சத்தம் போடாம உக்காந்திருந்தேன் சார்."

இன்ஸ்பெக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"சொத்துக்கு ஆசைப்பட்ட சொந்தக்காரன் எவனாவது மாத்தியிருப்பானா?"

"அவனா இருந்தா கிளிப்பைப் பிடுங்கிப் போட்டிருப்பான் சார்," என்றாள் நர்ஸ். "நாடி இறங்கினாலே மானிட்டர்ல அலாரம் அடிக்கும். கிளிப்பைப் பிடுங்கினா இன்னும் கத்தும். பட்டனை அமுக்கினாலும் கொஞ்ச நேரத்துல மறுபடி கத்தும். நாடி நல்லா ஓடற விரல்ல மாட்டினாத்தான் வாயை மூடும். இது தொழில் தெரிஞ்சவங்க வேலை."

"தொழில் தெரிஞ்சவங்கன்னா... நீங்க!"

நர்ஸ் இன்ஸ்பெக்டரை நேராகப் பார்த்தாள்.

"இந்த ஷிஃப்ட்டுக்கு நான் ஒருத்திதான் சார். ஆள் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். அந்த நேரம் கடைசி மூலையில ஒரு குழந்தையோட நெஞ்சை அமுக்கிட்டிருந்தேன். அவங்கம்மாவைக் கேளுங்க. கையை எடுத்திருந்தா அதுவும் போயிருக்கும். இங்க அலாரம் அடிக்கறது கேட்டுச்சு. பட்டுன்னு நின்னுச்சு. நின்னா யாரோ போய்ப் பாத்துட்டாங்கன்னுதான் அர்த்தம். நம்பிட்டேன்..."

முதல் முறையாக அவள் குரல் உடைந்தது.

"தண்ணி..."

லாரி டிரைவர்! கண் விழித்துவிட்டான்!

இன்ஸ்பெக்டர் குனிந்தார். "தம்பி, இதை உன் விரல்ல யாருப்பா மாட்டினது?"

"கோட்டு போட்ட சார் ஒருத்தர்... 'கொஞ்ச நேரம் வச்சுக்கப்பா, பெரிய மனுஷங்க வராங்க, சத்தம் கேக்கக் கூடாது'ன்னார். அப்பாடா, நமக்கு வைத்தியம் ஆரம்பிச்சாச்சுன்னு தூங்கிட்டேன். தோ... அவர்தான்!"

கை நீண்ட திசையில் நின்றவர்...

சூப்பரின்டெண்டென்ட்!

"ந... நர்ஸ் பற்றாக்குறையே இல்லன்னு குழுகிட்ட சொல்லியிருந்தேன் இன்ஸ்பெக்டர்! கவனிக்க ஆளில்லாம அலாரம் கத்தினா மாட்டிக்குவேனே! அவங்க போனதும் மாத்திடலாம்னுதான்... மறந்துட்டேன்!"

"அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்னு தெரியுமில்ல?"

சூப்பரின்டெண்டென்ட் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

"தெரிஞ்சே அதோட வாயைப் பொத்தியிருக்கீங்க. வாங்க, போகலாம்."

கைவிலங்கு வெளியே வந்தது. சூப்பரின்டெண்டென்ட் சட்டென்று மார்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ... நெஞ்சு... நெஞ்சு வலிக்குது! பெட்... சீக்கிரம் ஒரு பெட்!"

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஸ்ட்ரெச்சரை நோக்கி நடந்தபடியே சொன்னாள்:

"பெட் இல்ல சார். அப்படி ஓரமா தரையில உக்காருங்க. நிஜமாவே வலிக்கறவங்களைப் பாத்துட்டு வரேன்!"