முகமில்லாத உருவம்

"உள்ள உக்காந்துகினு எல்லாரையும் பாக்குறியே, அவங்களுக்கு வெக்கமா இருக்காதாம்மா?" என்று மகள் எவாஞ்சலின் ஒருமுறை கேட்டாள். முகம் தெரியாது, யாரென்று எனக்கே தெரியாது என்று ஜெயகுமாரி சமாளித்தாள்.

அது உண்மைதான். செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய அந்தச் செல்போன் கிடங்கில், திருட்டைத் தடுக்க, விமான நிலையங்களில் இருப்பதுபோன்ற ஸ்கேனர் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். ஷிப்ட் முடிந்த பெண்கள் அதற்குள் கையைத் தூக்கி நிற்க வேண்டும். அடைத்த சிற்றறைக்குள் திரையைப் பார்க்கும் ஜெயகுமாரி, விடலாம் என்றால் பச்சை, சோதிக்க வேண்டுமென்றால் சிவப்பு அழுத்துவாள்; ஸ்கேனரின் மேல் அந்த நிற விளக்கு எரியும். முகத்தை மட்டும் இயந்திரம் அழித்துவிடும், வேறெதையும் மறைக்காது. செல்போன்கள் என்னவோ காணாமல் போய்க்கொண்டேதான் இருந்தன. சிவப்பில் சிக்கியதெல்லாம் மாதவிலக்குத் துணியும், தாலிக் கயிற்றில் மாட்டிய ஊக்குகளும்.

ஒருநாள் இடது மார்பில் எதையோ திணித்திருந்த உருவத்துக்குச் சிவப்பு அழுத்தினாள்.

"இன்னாத்த சொருவி வச்சிகினு கீற?" வெளியே காவலாளி தசரதனின் குரல். "எடு. எல்லாரும் பாக்கட்டும்."

சிலர் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போக கம்பெனி வேனில் ஏறியபோதுதான் தெரிந்தது. புற்றுநோய்க்கு மார்பை எடுத்த இடத்தில் பழைய புடவைத் துணியைச் சுருட்டி வைத்திருந்தவள் முனியம்மா. தினமும் தன் பையைப் போட்டு ஜெயகுமாரிக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைப்பவள். இப்படிச் சின்னச் சின்னக் காரியங்களில்தான் கர்த்தர் வந்துபோகிறார் என்று ஜெயகுமாரி நம்பியிருந்தாள். அன்று இருக்கையில் பை இல்லை. மறுநாள் முனியம்மா ஏரியில் மிதந்தாள்.

அதற்கடுத்த வாரம், மழை தகரக்கூரையைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், கடைசிப் பெண்ணும் போனபின், திரையை அணைக்க நீண்ட கை அப்படியே நின்றது. கைகளைத் தூக்கிய உருவம் ஒன்று அதில் அசையாமல் நின்றது, இடது மார்பில் அதே புடைப்பு, அறை முழுவதும் ஊறிய துணியின் வாடை. வெளியே எட்டிப் பார்த்தாள். ஸ்கேனர் காலியாக இருந்தது. பச்சை அழுத்தினாள். உருவம் போகவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினாள். போகவில்லை.

தினமும் வந்தது. தினமும் சற்றுப் பெரிதாக.

நேற்று வீட்டுக்குள் நுழைந்ததும் எவாஞ்சலின் மெல்லச் சொன்னாள்: "யாரோ ஒரு ஆன்ட்டி கைய தூக்கிகினு நம்ம வாசல்ல நின்னாங்கமா. அவங்களுக்கு மூஞ்சியே இல்ல."

இன்று எல்லோரும் போகும்வரை ஜெயகுமாரி காத்திருந்தாள். திரை இருந்த சிற்றறையை வெளியிலிருந்து பூட்டினாள். சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு ஸ்கேனருக்குள் ஏறினாள். துப்பட்டாவைக் கழற்றிக் கீழே போட்டாள். ஜெபம் சொல்ல வாய் வரவில்லை.

"பாரு முனிம்மாக்கா," என்றாள். "நல்லா பாத்துக்கோ. எம் பொண்ண வுட்டுடு."

கைகளைத் தூக்கினாள்.

பூட்டிய அறைக்குள் நாற்காலி இழுபட்டது.

யாரோ உட்கார்ந்தார்கள்.

கதவின் அடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் கசிந்து வந்தது. தலைக்கு மேல் விளக்கு எரிந்தது.

சிவப்பு.

கைகளை இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை.

மறுபடியும் சிவப்பு.