மூன்று சுரண்டல்

மாடிப்படியில் கால் வைக்கும்போதே அவர் குரல் கீழே இறங்கி வந்தது. வெந்நீர் ஆறிப்போனதற்காக மகளைத் திட்டிக்கொண்டிருந்தார். நூற்பாலையில் சூப்பர்வைசராக இருந்தவர். தொழிலாளிகள் வைத்த பெயர் சைரன். பக்கவாதம் இடது கையையும் காலையும் எடுத்துக்கொண்டு வாயை மட்டும் விட்டுவைத்திருந்தது.

நான் பிசியோதெரபிஸ்ட். செயலிழந்த கைக்கு மின்சாரத்தால் அசைவு கொடுப்பது என் வேலை. முன்கையில் இரண்டு பேட் ஒட்டிக் கருவியின் குமிழைத் திருகினால் சில நொடிகள் மின்சாரம் பாயும். மடங்கிக் கிடக்கும் விரல்கள் விரியும். பிறகு சில நொடி ஓய்வு. மின்சாரம் பாயும்போது நோயாளியும் விரலை விரிக்க முயல வேண்டும். நாள்பட, மூளை தான் தொலைத்த வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். இதில் மாயம் ஒன்றுமில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பினாயில் வாடை அடிக்கும் அறை. இரும்புக் கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. இரண்டு நாள் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாம் நாள், ஓய்வு நொடிகளிலும் விரல்கள் அசைந்தன. அவருக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து நடந்த பிறகு இந்த வீட்டில் யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்கிறேன் என்றார், மகள் இருக்கும் சமையலறைப் பக்கம் திரும்பி.

கருவியை அணைத்தேன். பேட்களை உரித்தேன். பெட்டியை மூடினேன்.

விரல்கள் நிற்கவில்லை.

கை மெல்லக் கட்டிலின் ஓரத்துக்கு ஊர்ந்தது. ஆட்காட்டி விரலின் நகம் சுவரில் பதிந்தது.

சர்ர். சர்ர். சர்ர்.

சற்று இடைவெளி. மறுபடியும் மூன்று.

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. மகள் டம்ளரில் தண்ணீரோடு ஓடிவந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். எதற்கு ஓடிவந்தோம் என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

"அம்மா இப்படித்தான் தண்ணி கேப்பாங்க," என்றாள்.

படியிறங்கும்போது மிச்சத்தைச் சொன்னாள். அம்மாவுக்கும் பக்கவாதம்தான். பேச்சும் வலது பக்கமும் போய், பதினான்கு மாதம் இதே கட்டிலில் கிடந்தாள். இதே மின்சாரச் சிகிச்சையை டாக்டர் எழுதிக் கொடுத்தார். செத்த கையில் கரண்ட் வைத்து என்ன ஆகப்போகிறது என்று அப்பா சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டார். அம்மாவிடம் மிஞ்சியிருந்தது இடது கை மட்டும். அதனால் சுவரைச் சுரண்டுவாள். போன கோடையில் ஒரு சாயங்காலம் மகள் ஆபீஸிலிருந்து திரும்பியபோது அம்மா உதடெல்லாம் வெடித்துச் செத்துக் கிடந்தாள். அன்று முழுக்க வீட்டில் இருந்தவர் அப்பா.

அந்த ஆளின் விரலைத்தான் மூன்று நாளாக நான் விரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் மகள் போன் செய்தாள். நேற்றிலிருந்து அப்பா தொண்டையில் ஒரு சொட்டு இறங்கவில்லை என்றாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஓடினேன்.

தரையெல்லாம் தண்ணீர். அவர் வலது கையில் டம்ளரை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோனார்.

இடது கை எழுந்தது.

மெதுவாக, அவசரமே இல்லாமல், வலது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பியது. தண்ணீர் கட்டிலுக்குக் கீழே கொட்டியது. நான் ஊட்டப் பார்த்தேன். என் கையையும் தட்டிவிட்டது. விரல்களை விரிக்கும் தசையில் பேட் ஒட்டி, எவ்வளவு திருகலாமோ அவ்வளவு திருகினேன். முன்கை துடித்தது.

பிடி விடவில்லை.

"வெட்டி எடுங்க இத," என்றார். சைரன் போன இடம் தெரியவில்லை, காற்றுதான் வந்தது. "இது என் கை இல்ல."

மகள் நிறைந்த டம்ளரோடு கால்மாட்டில் நின்று என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நான் சொன்னா அம்மா விட்டுடுவாங்க. எனக்குத்தான் சொல்ல வாய் வரல."

அவளை நான் அதட்டியிருக்க வேண்டும். நோயாளியைக் காப்பதுதான் என் தொழில். அதட்டவில்லை.

"அன்னிக்கு நான் வந்தப்போ தரையில புதுசா கோடு இருந்துச்சுப்பா," என்றாள். "கட்டில் கால் இழுத்த கோடு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இடது கை மணிக்கட்டை விட்டுவிட்டு அவர் தாடையைப் பிடித்தது.

"சுரண்டிக்கிட்டே இருந்தா," என்றார் கடைசியில். "தூங்க முடியல. கட்டில நடு ரூமுக்கு இழுத்துட்டேன். நீ வர்றதுக்குள்ள திரும்பத் தள்ளிட்டேன்."

"எவ்வளவு நேரம்பா?"

"நீ ஆபீஸ் போனதுலேருந்து."

மகள் டம்ளரை அவர் உதட்டருகே கொண்டுபோனாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

"விடும்மா," என்றாள்.

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கை துணி மாதிரி சரிந்தது. அவர் குடித்து முடிக்கும்வரை டம்ளரைப் பிடித்திருந்தாள். அதற்குப் பிறகு அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. தகவல் கேட்டு வந்த அவர் தம்பிதான் ஆம்புலன்ஸில் கூட ஏறினார். மகள் அன்றே துணிமணியை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் இப்போதும் தம்பி வீட்டில் கிடக்கிறார். அந்தக் கையில் எந்தக் கருவி வைத்தும் ஒரு நரம்புகூடத் துடிக்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து என் கிளினிக்குக்கு ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். முப்பது வயதுகூட இருக்காது. விபத்தில் தோள் நரம்பு அடிபட்டு வலது கை ஆறு மாதமாகத் தொங்கிக் கிடந்தது. பக்கத்தில் நின்ற கணவன் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நாலு நாள் காட்டிவிட்டு நிறுத்திவிடலாம், இவளுக்கு இவ்வளவு போதும் என்றான்.

நான் பேட்களை ஒட்டினேன். கருவியின் பிளக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

அந்தப் பெண்ணின் விரல்கள் விரிந்தன.

பிறகு அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தன.

அவன் கத்தினான். அவள் தன் கையைப் பார்க்கவே இல்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.