கொய்யாவுக்குத் தனிக் கிண்ணம்

குருசாமி வீட்டு வாசலில் பூனைகளுக்குப் பால் வைக்காத நாளே கிடையாது. வாசலுக்கு வந்த ஜீவனைப் பசியோடு அனுப்பாத வீடு என்று திண்டுக்கல்லில் அந்தத் தெரு முழுக்கப் பேர். அந்தப் பேரில் குருசாமிக்குப் பெருமை அதிகம்.

பால் குடிக்க வந்த ஒரு நோஞ்சான் பூனை, ஆயக்குடியிலிருந்து வந்த கொய்யாக் கூடையில் படுத்துக்கொண்டு எழ மறுத்தது. குருசாமியின் மகள் அறிவுச்செல்வி அதற்குக் கொய்யா என்றே பேர் வைத்துவிட்டாள்.

இரண்டு வாரமாகியும் அதன் உடம்பு தேறவில்லை. கூடையோடு மருத்துவரிடம் தூக்கிப் போனார்கள். டாக்டர் அன்னாள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"இதுக்கு லுகேமியா வைரஸ் இருக்கு. மனுசங்களுக்கு ஒட்டாது. ஆனா எச்சில் வழியா மத்த பூனைகளுக்கு ஒட்டும். வெளியே விடாதீங்க. கிண்ணமும் தனியா இருக்கட்டும்."

"சரியாப் போயிருமா டாக்டர்?" என்றாள் அறிவு.

"முழுசாப் போகாது கண்ணு. நல்லாப் பாத்துக்கிட்டா சில வருசம் சந்தோசமா இருக்கலாம்."

"நாங்க பாத்துக்குவோம்," என்று நெஞ்சை நிமிர்த்தினார் குருசாமி. வெளியே வந்ததும் குரல் தாழ்ந்தது. "நோய்ப் பூனைன்னு தெருவுல மூச்சு விடக் கூடாது. வீட்டுப் பேரு கெட்டுப்போகும்."

அறிவு தலையை ஆட்டினாள். இத்தனை நாளும் கொய்யா வாசல் கிண்ணத்தில்தானே குடித்தது? பக்கத்து வீட்டு நர்கீஸ் அக்காவின் பூனை சீனியும் அதில்தானே குடித்தது?

மறுநாள் காலை நர்கீஸ் அக்கா சீனியோடு வந்து நின்றாள்.

"ஏ புள்ள அறிவு, இவளுக்கு உங்க வீட்டுப் பால்தான் வேணுமாம். நான் ஊத்துனா மோந்துகூடப் பாக்க மாட்டேங்குறா. பவுசப் பாத்தியா?"

சீனி கிண்ணத்தை நெருங்கியது. அறிவு பாய்ந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

"என்ன புள்ள, பூட்டுப் போடப் போறியா?"

அறிவு கிண்ணத்தோடு உள்ளே ஓடினாள்.

"அப்பா, நம்ம வீட்டு விசேசத்துல ஒரே இலையில ரெண்டு பேரைச் சாப்பிட வச்சிருக்கோமா?"

"என்ன கேள்வி இது? ஆளுக்கொரு இலை! நம்ம வீட்டுப் பந்தியை யாராச்சும் குறை சொல்லட்டும், பாப்போம்!"

"பூனைங்களுக்கு மட்டும் ஏம்ப்பா ஒரே கிண்ணம்?"

குருசாமியின் பார்வை மகள் கையிலிருந்த கிண்ணத்துக்குப் போனது.

"சீனிக்கு நோய் வந்துச்சுன்னா, யார் வீட்டுப் பால் குடிச்சு வந்துச்சும்பாங்க?"

குருசாமி, விசேஷத்துக்குப் போகிறவர்போல் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவர் முதுகுக்குப் பின்னால் அறிவு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நர்கீஸ் அக்காவின் முகம் வாடியது. "நீங்களா வந்து சொன்னீங்களே மாமா, அது போதும்," என்று சீனியை வாரி எடுத்தாள்.

சீனிக்கு எடுத்த முதல் ரத்தச் சோதனையில் ஒன்றும் இல்லை. ஆனால் சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அதுவரை சீனி தும்மினாலும் அறிவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தூங்கினாலும் பயமாக இருந்தது.

இரண்டாம் சோதனை நாளன்று தெருமுனையிலிருந்தே நர்கீஸ் அக்காவின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல புள்ள! சீனிக்கு ஒண்ணுமே இல்ல!"

அன்று மாலை வாசலில் ஐந்து கொட்டாங்கச்சிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. குருசாமி குனிந்து ஒவ்வொன்றிலும் பால் ஊற்றினார்.

"என்ன மாமா, பந்தியா?" என்றாள் நர்கீஸ் அக்கா.

"ஆமா. ஆளுக்கொரு இலை."

சன்னலுக்கு உள்ளே கொய்யா தன் கிண்ணத்தை நக்கி முடித்து, முதல் பந்தியே தனக்குத்தான் என்பதுபோல் மீசையைத் துடைத்துக்கொண்டது.