முப்பத்தோராவது மெஷின்

எட்டு மாதமாக அந்தப் பள்ளிக்கூடத்தின் பக்கம் நான் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அங்கிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ் புகார் வந்தால், கம்பெனியில் வேறு யார் தலையிலாவது தள்ளிவிட்டுவிடுவேன். அன்றைக்குத் தள்ளிவிட ஆள் இல்லை. ஒருவன் லீவு, இன்னொருவனுக்குக் காய்ச்சல். மிஞ்சியது நான்.

மதியம் இரண்டு மணி. விடுமுறை நாள். வகுப்பறைகளில் நாற்காலிகள் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தன. இரண்டாம் மாடி நடைபாதையின் கோடியில் லேப் அக்கா சாவிக்கொத்தோடு நின்றிருந்தார். லேபைத் திறப்பது, பூட்டுவது, தூசி தட்டுவது, பிள்ளைகளை அதட்டுவது எல்லாம் அவர்தான். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அங்கே முப்பது பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு. முப்பது மெஷினும் ஒரேயடியாகப் படுத்துவிட்டன என்று அவர் சொன்ன தோரணையில், தப்பு ஏதோ என்னுடையது போலிருந்தது.

அவருக்குத் தெரியாத கவலை ஒன்று எனக்கு இருந்தது. மனைவி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். அன்று இரவு எட்டு மணிக்கு வார்டு கேட்டைச் சாத்திவிடுவார்கள், அதற்குமேல் யாரையும் விடமாட்டார்கள். அவளோடு இருக்க வேறு ஆள் கிடையாது. லேபிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரப் பயணம்.

ஏழு மணிக்குள் நான் கிளம்பியாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

வேலை என்னவோ தெரிந்த வேலைதான். ஒரு மெஷினைச் சுத்தமாகத் தயார் செய்து, அதன் டிஸ்கை அப்படியே நகலெடுத்து, இமேஜ் என்ற பெயரில் சர்வரில் வைத்திருப்போம். மற்ற மெஷின்களை நெட்வொர்க் வழியாக எழுப்பி, அந்த ஒரு இமேஜை எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் ஊற்றுவோம். நாற்பது நிமிடத்தில் முப்பதும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி எழுந்துவிடும்.

முதலில் ஒன்றுகூட எழவில்லை. சர்வரைக் கேட்டுக் கேட்டுப் பார்த்து, பதில் வராமல் கறுப்புத் திரையோடு நின்றன. ஒரு மணி நேரம் மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்தேன். கடைசியில் பார்த்தால், யாரோ ஒரு வாத்தியார் தன் போனுக்கு வைஃபை வேண்டுமென்று ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார். சர்வருக்கு முன்னால் முந்திரிக்கொட்டை மாதிரி அது பதில் சொல்லி, எல்லா மெஷினையும் வழிதவற வைத்துக்கொண்டிருந்தது. பிடுங்கிப் போட்டேன். வரிசையாக முப்பது திரையும் நீலமாயின.

"அப்பாடா, கிளம்பிடலாம்ல?" என்றார் அக்கா.

நாலு மணிக்கெல்லாம் முடிந்துவிடும் என்றேன். அவர் நிம்மதியாகத் தேர்வு எண்கள் எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு மேஜைகளில் ஒட்ட ஆரம்பித்தார்.

சர்வர் திரையில், வந்து இணைந்த மெஷின்களின் எண்ணிக்கை ஏறியது. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.

முப்பத்தொன்று.

எழுந்து நின்று எண்ணினேன். ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு. திரும்ப எண்ணினேன். முப்பதுதான்.

எங்கேயாவது பழைய பதிவு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று விட்டுவிட்டு இமேஜ் ஓட்டத்தைத் தொடங்கினேன். இருபது நிமிடம் கழித்து இரண்டு சதவீதம்தான் ஆகியிருந்தது.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. இமேஜ் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போவதால், கூட்டத்தில் யார் மிக மெதுவோ அவருக்காக மற்ற எல்லோரும் நிற்க வேண்டும். முப்பது மெஷினும் அந்த முப்பத்தோராவதுக்காகக் காத்து நின்றன. பட்டியலில் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. கடைசி வரியில் மட்டும் பெயர் இல்லை, மெஷினுக்கு மெஷின் மாறும் பன்னிரண்டு எழுத்து வன்பொருள் முகவரி மட்டும்.

அதை ஓட்டத்திலிருந்து தூக்கினேன். முப்பதும் அப்படியே விழுந்தன. மறுபடி முதலிலிருந்து. மறுபடி முப்பத்தொன்று.

எல்லா நெட்வொர்க் கேபிளும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் முப்பத்தோராவது துளையின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அதன் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனேன். சுவரோரமாக ஓடி, கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்த மூலை மேஜைமேல் ஏறியது. அங்கே கேபிளின் நுனி வெறுமனே கிடந்தது. எதிலும் செருகியிருக்கவில்லை.

நுனிக்கு அருகே ஒரு வெள்ளை ஒட்டுத்தாள். அச்சடித்த மாதிரி கையெழுத்தில், திரையில் இருந்த அதே பன்னிரண்டு எழுத்துகள்.

அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்.

அதை எழுதியவரை எங்கள் கம்பெனியில் எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவோம். எதையும் மூன்று முறை சரிபார்ப்பார். நாங்கள் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை அவர் மூன்று மணி நேரம் செய்வார், ஆனால் அவர் தொட்ட மெஷினிலிருந்து மறுபடி புகார் வராது. ஒட்டுத்தாளில் இருந்தது அவருடைய சர்வீஸ் லேப்டாப்பின் முகவரி. அந்த லேப்டாப் உடைத்துப் பழைய சாமானோடு போய்விட்டது. போனதற்குக் கையெழுத்துப் போட்டவனே நான்தான்.

கேபிளை ஸ்விட்சிலிருந்து உருவினேன். பச்சை விளக்கு அணைந்தது.

எண்ணிக்கை முப்பத்தொன்றிலேயே நின்றது.

அக்கா தாள் ஒட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமலே சொன்னார். எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த மூலையில்தான் நிதானம் உட்கார்ந்திருந்தாராம். சனிக்கிழமை சாயங்காலம் அக்கா கிளம்பும்போது, மாற்று ஆள் வந்துகொண்டிருக்கிறான், நீங்கள் போங்கள் என்று சிரித்தாராம். நெற்றி முழுக்கத் தைலம் பூசியிருந்தாராம். வாட்ச்மேன் மாற்று ஆள் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாராம். திங்கட்கிழமை காலை அக்கா கதவைத் திறந்தபோது அதே நாற்காலியில், தலை லேசாகச் சாய்ந்து, உடம்பு ஜில்லிட்டுக் கிடந்தாராம்.

"வர்றேன்னு சொன்னவன் கடைசி வரைக்கும் வரலை சார்," என்றார் அக்கா. "எவனோ ஒருத்தன். அவனும் எங்கயோ நல்லாத்தான் இருப்பான்."

நான் குனிந்து சர்வர் திரையைப் பார்த்தேன்.

எங்கள் வேலையில் எழுதி வைக்காத ஒரு வழக்கம் இருக்கிறது. இமேஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் இடத்தை விட்டுப் போகக் கூடாது. மாற்று ஆள் நேரில் வந்து, 'நான் இருக்கேன், நீங்க கிளம்புங்க' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்போதுதான் முதல் ஆள் பையை எடுப்பார். அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு அவரை மாற்றிவிட வேண்டியவன் நான். நெஞ்சு ஒரு மாதிரி அடைக்கிறது, கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடு என்று போன் செய்தார். வந்துகொண்டே இருக்கிறேன் அண்ணே என்றேன். படுக்கையில் படுத்துக்கொண்டு சொன்னேன். இரண்டு நாள் தூக்கமில்லை. ஐந்து நிமிடம் என்று கண்ணை மூடினேன்.

விழித்தபோது ஞாயிற்றுக்கிழமை விடிந்திருந்தது. அவர் முடித்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். போன் செய்துகூடப் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கு மனைவி கூப்பிட்டாள். ரத்தப் பரிசோதனை முடிந்ததாம். பக்கத்துக் கட்டில்காரி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறாளாம். பயமெல்லாம் இல்லை என்றாள். கேட்காதபோது இவள் பயமில்லை என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"உங்க கம்ப்யூட்டருக்கெல்லாம் ஆபரேஷன் முடிஞ்சா எனக்கும் கொஞ்சம் வாங்க," என்றாள்.

"ஏழு மணிக்குக் கிளம்பிடுவேம்மா."

"எட்டுக்குச் சாத்திடுவாங்க. ஞாபகம் இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன். சொல்லும்போது திரையில் பதினொரு சதவீதம். இந்தப் போக்கில் முடிய மறுநாள் மதியம் ஆகும். ஒவ்வொன்றாக அனுப்பினாலும் விடிந்துவிடும். விட்டுவிட்டுப் போனால் முப்பது பிள்ளைகள் காலையில் வந்து கறுப்புத் திரைக்கு முன்னால் உட்காருவார்கள்.

ஆறு மணிக்கு அக்கா மற்ற அறைகளிலும் தாள் ஒட்டவேண்டும் என்று லேப் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய செருப்புச் சத்தம் நடைபாதையில் தேய்ந்து அடங்கியது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. லேபுக்குள் திரைச்சீலைகள் மூடியிருந்ததால், முப்பது திரைகளின் நீலம் மட்டும் மேஜைகள்மேல் படிந்திருந்தது. மெஷின்களின் விசிறிகள் சன்னமாக, ஒரே சீராக ஓடின. தூங்குகிறவர்கள் மூச்சு விடுவது மாதிரி.

பதினாறு சதவீதம்.

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஓட்டம் மூன்று முறை நின்றது. நின்று, தயங்கி, பிறகு நகர்ந்தது.

யாரோ சரிபார்க்கிறார்கள்.

தைல வாசனை வந்தது. முதலில் லேசாக. அப்புறம் கண்ணில் நீர் வருகிற அளவுக்கு.

மூலையில் நாற்காலிச் சக்கரம் ஒரு முறை கிறீச்சிட்டது.

நான் திரும்பவில்லை.

பயத்தைவிட அசதிதான் அதிகமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? கால் கடுத்தது. கண் எரிந்தது. எட்டு மாதமாக முழுசாக ஒரு தூக்கம் தூங்கியதில்லை. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. பெரிய மூச்சு ஒன்று கேட்டது. கோபமான மூச்சு இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்த மனிதன், இன்னும் எவ்வளவு நேரமோ என்று விடுகிற மூச்சு.

மணி ஆறு இருபது.

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே," என்றேன். "நான்தான் வந்திருக்கேன்."

விசிறிகள் நின்றன. முப்பதும், ஒன்றுபோல.

"லேட்டாயிடுச்சு. ரொம்ப லேட்டாயிடுச்சு."

பக்கத்தில் யாரோ காதைக் கொடுத்துக் கேட்பது மாதிரி இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு எப்படியாவது ஓடிவிட வேண்டும் என்பதும் மனசுக்குள் இருந்தது. மனைவியின் முகமும், வார்டின் இரும்புக் கேட்டும் கண்ணில் நின்றன. அவசரத்தில், வழக்கத்தில் இல்லாத ஒரு வார்த்தையும் கூடவே வந்துவிட்டது.

"நான் இருக்கேண்ணே. நீங்க கிளம்புங்க. இனிமே இங்க நான் இருந்து பாத்துக்கறேன்."

டக்.

லேப்டாப் மூடியைச் சாத்துகிற சத்தம். மூலை மேஜையில் எந்த லேப்டாப்பும் கிடையாது.

ஒரு பையின் ஜிப் மெதுவாக இழுபட்டது. நிதானமான காலடிகள் வரிசைகளுக்கு நடுவே வந்தன. எனக்குப் பின்னால் நின்றன. தோளில் ஒரு கை இரண்டு முறை தட்டியது. ஜில்லென்று, சட்டையைத் தாண்டித் தோலில் பட்டது.

காலடிகள் கதவுப் பக்கம் போயின.

திரையில் முப்பது.

முப்பது விசிறிகளும் ஒரேயடியாக இரைந்தன. இருபது, நாற்பது, எழுபது என்று எண்கள் ஓடின. ஆறு நாற்பதுக்கு எல்லாம் முடிந்து, முப்பது மெஷினும் பளிச்சென்று எழுந்து நின்றன. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒரு குறை இல்லை. அக்காவின் அறையில் ஆள் இல்லாததால், லேப் சாவியை வாட்ச்மேன் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

எட்டடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது வார்டுக்குள் நுழைந்தேன். மனைவி கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். ராத்திரி முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். காலை ஏழு மணிக்கு அவளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். கதவுக்குமேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

எட்டரை மணிக்கு போன் அடித்தது. லேப் அக்கா. ஏதோ சத்தம் போடக்கூடாத இடத்தில் நின்று பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்தியிருந்தார். மெஷினெல்லாம் ஜோராக இருக்கிறதா என்று கேட்டேன். முத்து மாதிரி இருக்கிறதாம். பிள்ளைகள் வெளியே வரிசையில் நிற்கிறார்களாம்.

"அப்புறம் என்னக்கா?"

அவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நாலு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டேன். டீ கொண்டுவந்து வெச்சேன், அதுவும் ஆறிப்போச்சு. தலையை நிமிர்த்தவே மாட்டேங்கறீங்க. அதான் எதிர்ல நின்னுக்கிட்டே போன் போடறேன். போனை மட்டும் எடுக்கறீங்க, ஆனா உங்க வாயே அசையலையே சார்."

என் கை தானாக எழுந்து என் வாயைத் தொட்டது.

"அக்கா," என்றேன், "நான் ஆஸ்பத்திரியில இருக்கேன்."

அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. போனைச் சற்றே விலக்கிப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்த யாரிடமோ, குழந்தையைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னார்.

"எந்திரிங்க சார். ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கீங்க. வீட்டுக்குப் போங்க. வீட்ல யாரும் தேட மாட்டாங்களா?"

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. விசைப்பலகையில் விரல்கள் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து என் குரல் வந்தது. சோர்ந்துபோய், அவசரமே இல்லாமல்.

"நீங்க போங்கக்கா. நான் இருக்கேன்."